புது எஞ்சின் எவ்வளவு ஆயில் குடிக்கிறது: முதல் 5,000 கிலோமீட்டர் அளவுக் குறிப்புகள்

ஓடோமீட்டர் 5,000-ஐத் தாண்டியாயிற்று. கடைசி 1,500 கிலோமீட்டரில் ஆயில் மட்டம் ஒரு மில்லிமீட்டர் இறங்கியதா இல்லையா என்று சந்தேகப்படும் நிலைக்கு வந்துவிட்டது. நோட்டில் கிறுக்கி வைத்ததை ஒழுங்காக எழுத இதுதான் நேரம்.

வண்டி 1.5 லிட்டர் பெட்ரோல், நான்கு சிலிண்டர், டர்போ உண்டு, பெட்ரோலை நேரடியாகச் சிலிண்டருக்குள் பீய்ச்சும் வகை. ஃபில்டரோடு சேர்த்து 4 லிட்டர் ஆயில் பிடிக்கும். கையேட்டில் இதைப் பற்றி இரண்டே வரிதான்: 1,000 கிலோமீட்டருக்கு அரை லிட்டர் வரை செலவாகலாம், புது எஞ்சினில் ஆரம்பத்தில் கொஞ்சம் கூடுதலாக இருக்கும். அரை லிட்டர் என்பது ரொம்பத் தாராளமான கணக்கு. ஒரு லிட்டர் வரைகூடச் சரிதான் என்று எழுதி வைத்திருக்கும் கம்பெனிகளும் உண்டு. அதனால் எல்லைக்குள் இருக்கிறதா என்று பார்ப்பதில் எனக்குப் பெரிய ஆர்வம் இல்லை. ஓட ஓடக் குறைகிறதா, குறைந்து ஓரிடத்தில் நிற்கிறதா என்று பார்க்க நினைத்தேன். எல்லைக்குள்ளேயே இருந்துகொண்டு 5,000 கிலோமீட்டரிலும் அதே வேகத்தில் குடிக்கும் எஞ்சினைவிட, முதலில் கொஞ்சம் அதிகம் குடித்துவிட்டு அடங்கும் எஞ்சினே நல்லது.

ஏன் குடிக்கிறது என்பதற்கு இவ்வளவு தெரிந்தால் போதும். புது சிலிண்டர் சுவரில் ஹோனிங் செய்த, அதாவது கல்லால் உரசி எடுத்த, குறுக்குமறுக்கான நுண்ணிய கோடுகள் இருக்கும். பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங்கின் ஓரமும் அந்தச் சுவரும் ஒன்றோடொன்று உரசி, முனைகள் மழுங்கி, ஒட்டி உட்கார வேண்டும். ரிங் செட் ஆகும்வரை சுவரில் வழித்தெடுக்கப்படாமல் மிஞ்சும் ஆயில் படலம் பெட்ரோலோடு சேர்ந்து எரிந்து போகும்.

சரி, அளப்பது எப்படி? டிப்ஸ்டிக்கை, அதாவது ஆயில் மட்டம் காட்டும் கம்பியை, உருவிப் பார்த்தால் தெரிந்துவிடும் என்றுதான் தோன்றும். ஆனால் புது வண்டியில் டிப்ஸ்டிக் காட்டும் குழப்பம், எஞ்சின் உண்மையில் குடிக்கும் அளவைவிடப் பெரியது. முதல் சில வாரங்கள் நான் எழுதி வைத்த எண்களில் பாதியை அடித்துவிட வேண்டியிருந்தது.

கருவிகள் பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு வெர்னியர் காலிப்பர், ஒரு கிராம் துல்லியம் உள்ள சமையலறை எடை மெஷின், ரசமட்டம், டார்ச், வெள்ளை டிஷ்யூ பேப்பர், நூல் பிரியாத துணி, நீளமான கழுத்து உள்ள புனல், காற்றின் வெப்பநிலை காட்டும் தெர்மாமீட்டர் ஒன்று. புதிதாக வாங்கியது, கையேடு சொன்ன அதே தரத்தில் ஒரு லிட்டர் ஆயில் டப்பா மட்டும்தான். வேறு எல்லாம் வீட்டிலேயே இருந்தவை.

முதல் வேலை டிப்ஸ்டிக்கை அளவுகோலாக மாற்றுவது. மேல் கோட்டுக்கும் கீழ் கோட்டுக்கும் நடுவே காலிப்பர் வைத்தால் 20 மி.மீ. அந்த இடைவெளி ஒரு லிட்டர் என்கிறது கையேடு. ஆக, ஒரு மில்லிமீட்டர் 50 மி.லி. இது எல்லா வண்டிக்கும் பொருந்தாது. சில எஞ்சின்களில் அந்த இடைவெளி ஒரு லிட்டரைவிடக் குறைவு. அதோடு ஆயில் தேங்கும் அடித்தொட்டியான சம்ப் நேரான பெட்டி கிடையாது, சரிவும் மேடும் இருக்கும். அதனால் மேல் பகுதியில் ஒரு மில்லிமீட்டர் சொல்லும் அளவும் கீழ்ப் பகுதியில் சொல்லும் அளவும் ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. அதைப் பிறகு ஆயில் ஊற்றும்போது சரிபார்த்துக்கொண்டேன்.

அடுத்த சிக்கல் வெப்பம். ஆயில் சூடானால் 10 டிகிரிக்கு ஏறத்தாழ 0.7 சதவீதம் விரியும். காலையில் 20 டிகிரியில் இருக்கும் 4 லிட்டர், ஓடி நிற்கும்போது 90 டிகிரியில் 200 மி.லி. அளவுக்குக் கூடிவிடும். டிப்ஸ்டிக்கில் அது 4 மி.மீ. இன்னொரு பக்கம், எஞ்சினை அணைத்த உடனே பார்த்தால் எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டிலும் குழாய்களிலும் இருக்கும் ஆயில் இன்னும் இறங்கியிருக்காது, மட்டம் குறைவாகத் தெரியும். ஒன்று ஏற்றுகிறது, ஒன்று இறக்குகிறது. ஒருநாள் காலையில், இன்னொருநாள் பெட்ரோல் போட்டுவிட்டு நிற்கும்போது, வேறொருநாள் வீட்டு வாசலில் என்று பார்த்தால் வரும் எண்களை ஒப்பிடவே முடியாது.

கையேடு சொல்லும் முறை: எஞ்சின் சூடானதும் சமதளத்தில் நிறுத்தி, அணைத்து, ஐந்து நிமிடம் பொறுத்துப் பார்ப்பது. மேல் கோடு அந்த முறைக்குத்தான் போடப்பட்டிருக்கிறது. ஆனால் ஐந்து நிமிடம் என்பது ஒவ்வொரு முறையும் ஏழு, நான்கு என்று மாறும். எஞ்சின் எவ்வளவு சூடு என்பதும் மாறும். நான் ஒப்பிடுவதற்கு மட்டும் காலைக் குளிர்நிலை அளவை எடுத்துக்கொண்டேன்: இரவு முழுக்க நின்ற வண்டி, ஸ்டார்ட் செய்வதற்கு முன்பு, எப்போதும் அதே இடம். ரசமட்டம் வைத்துத் தரையைப் பார்த்து, டயர் நிற்கும் இடத்தைச் சாக்பீஸால் கோடு போட்டுக்கொண்டேன். பக்கத்தில் அன்றைய வெப்பநிலையையும் குறித்தேன். 10 டிகிரி வித்தியாசம் வந்தால் அரை மில்லிமீட்டர் மாறும். இதில் ஒன்றை மறந்துவிடக் கூடாது. குளிர்நிலையில் மேல் கோட்டைத் தொடும்வரை ஊற்றினால், சூடானபின் கோட்டைத் தாண்டிவிடும். ஊற்றும் முடிவை எப்போதும் கையேட்டு முறையில் பார்த்தபின்தான் எடுக்க வேண்டும்.

புது ஆயிலைக் கண்ணால் பார்ப்பதே ஒரு பாடு. கருத்துப்போன ஆயில் என்றால் டிப்ஸ்டிக்கில் பளிச்சென்று கோடு தெரியும். புது ஆயில் வெளிறிய தேன் நிறத்தில், பளபளக்கும் உலோகத்தின் மேல் இருப்பதே தெரியாமல் இருக்கும். டிப்ஸ்டிக்கைப் படுக்கைவாட்டில் பிடித்து, டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்து அடித்தால் ஈரம் முடியும் ஓரம் மின்னும். அப்போதும் சந்தேகமாக இருந்தால் டிஷ்யூவை அதன் மேல் லேசாக ஒற்றி எடுப்பேன். ஈரம் எங்கே முடிகிறதோ அங்கே கறையும் முடியும். இரண்டு பக்கமும் ஒரே அளவு காட்டாது. டிப்ஸ்டிக் போகும் குழாய் வளைந்திருப்பதால் ஒரு பக்கம் குழாயின் சுவரை உரசி, ஆயிலை மேலே இழுத்துவிடும். ஆகவே குறைவாகக் காட்டும் பக்கத்தை, அதிலும் அகலம் முழுக்க ஈரம் விடுபடாமல் இருக்கும் இடத்தைத்தான் கணக்கில் எடுத்தேன்.

இன்னொன்று. காலையில் முதல் முறை உருவிப் பார்ப்பது நம்பத்தக்கதாக இல்லை. கைப்பிடியில் இருக்கும் ரப்பர் வளையம் குழாயை இறுக்கி அடைத்துவிடுவதால், உள்ளே காற்று சிக்கி, குழாய்க்குள் மட்டம் சம்பில் இருப்பதிலிருந்து விலகி நிற்கிறது. உருவி, துடைத்து, ஓரிரு நிமிடம் குழாயைத் திறந்தே வைத்து, பிறகு முழுக்க உள்ளே தள்ளி எடுத்தால் வரும் எண்தான் அடுத்தடுத்த முறையும் வந்தது. இப்படியெல்லாம் செய்தபின் என் அளவில் பிழை அரை மில்லிமீட்டருக்குள் நின்றது, அதாவது 25 மி.லி. அதற்கு மேல் டிப்ஸ்டிக்கிடம் எதிர்பார்க்க முடியாது.

வண்டி கைக்கு வந்தபோது 40 கி.மீ. ஓடியிருந்தது. குளிர்நிலையில் மட்டம் மேல் கோட்டுக்கு 3 மி.மீ. கீழே. அதுதான் என் பூஜ்ஜியம்.

அங்கிருந்து 620 கி.மீ. வரை கிட்டத்தட்ட எல்லாமே சின்னச் சின்ன ஓட்டங்கள். எஞ்சின் சூடாகும் முன்பே வந்து நின்றுவிடும். 620-இல் பார்த்தால் மட்டம் குறையவே இல்லை. ஒரு மில்லிமீட்டர் ஏறியே இருந்தது. ஆயிலே குடிக்காத எஞ்சின் என்று சந்தோஷப்படத் தோன்றும் இடம் இது. டிப்ஸ்டிக்கை மூக்கருகே கொண்டுபோனால் பெட்ரோல் வாடை. குளிர்ந்த எஞ்சினுக்குப் பெட்ரோல் கூடுதலாகப் பீய்ச்சப்படும். ஆவியாகாத பகுதி குளிர்ந்த சுவரில் பட்டு, இன்னும் செட் ஆகாத ரிங்கைத் தாண்டிக் கீழே ஆயிலில் கலந்துவிடும். நேரடியாகச் சிலிண்டருக்குள் பீய்ச்சும் எஞ்சின்களில் இது கொஞ்சம் அதிகம். ஆயில் எரிந்து போவதைப் பெட்ரோல் வந்து நிரப்பிக்கொண்டிருந்தது.

அடுத்து ஒரு நீண்ட நெடுஞ்சாலைப் பயணம், ஏறத்தாழ 400 கி.மீ. மறுநாள் காலை மட்டம் 5 மி.மீ. இறங்கியிருந்தது. கால் லிட்டர்! 400 கிலோமீட்டரில் கால் லிட்டர் என்று கணக்குப் போட்டால் 1,000-க்கு அறுநூறு மி.லி.க்கு மேல், கையேட்டு எல்லையையே தாண்டுகிறது. பயணத்துக்கு முந்தைய எண் பொய் என்பதால் இந்தக் கணக்கும் பொய். நீண்ட நேரம் ஆயில் நன்றாகச் சூடானதில் கலந்திருந்த பெட்ரோல் ஆவியாகிப் போயிருக்கிறது. ஆரம்பப் புள்ளியிலிருந்து பார்த்தால்தான் சரி: 40-இலிருந்து 1,050 கி.மீ. வரை மொத்த இறக்கம் 4 மி.மீ., சுமார் 200 மி.லி. இதன் பிறகு ஒரு விதி வைத்துக்கொண்டேன். குறைந்தது ஒரு மணி நேரம் விடாமல் ஓடிய பயணத்துக்கு மறுநாள் காலை எடுத்த அளவைத்தான் நோட்டில் ஏற்றுவது.

கசிவு இல்லை என்று உறுதி செய்யாமல் எரிந்ததாகக் கணக்கு வைப்பதில் அர்த்தம் இல்லை. எஞ்சினுக்கு அடியில் ஒரு அட்டையை இரவு முழுக்க விரித்து வைத்தேன். ஒரு சொட்டு இல்லை. ஆனால் டார்ச் அடித்துப் பார்த்ததில் ஆயில் ஃபில்டருக்குக் கீழே லேசான ஈரம். சில நாள் இதன் பின்னாலேயே அலைந்தேன். பிரேக் கிளீனர் அடித்துத் துடைத்து, காய்ந்ததும் அந்த இடத்தில் டால்கம் பவுடரைத் தூவிவிட்டு ஓட்டினேன். கசிவு இருந்தால் வெள்ளைப் பவுடரில் கோடு விழும். அடுத்த அளவு எடுக்கும்வரை பவுடர் உலர்ந்தே இருந்தது. ஃபில்டர் மாட்டும்போது வழிந்தது அப்படியே தங்கியிருந்திருக்கிறது, அவ்வளவுதான். டர்போவுக்குப் போகும் காற்றுக் குழாயின் உட்புறத்தில் விரலில் ஒட்டும் அளவு மெல்லிய ஆயில் படலம் இருந்தது. எஞ்சினுக்குள் உருவாகும் ஆவியைத் திரும்ப உள்ளிழுக்கும் குழாய் அங்கேதான் சேருகிறது, அந்த அளவு ஈரம் சகஜம். கூலன்ட் டப்பாவிலும் எட்டிப் பார்த்தேன். எண்ணெய்ப் பசை மிதக்கவில்லை.

1,050-இல் ஆயில் ஊற்றியது மட்டத்தைச் சரிசெய்ய மட்டுமல்ல, டிப்ஸ்டிக்கைச் சோதிக்கவும்தான். அளவு ஜாடியில் ஊற்றினால் ஜாடியில் ஒட்டியது, புனலில் ஒட்டியது என்று கணக்குத் தவறும். டப்பாவை எடை போட்டு, ஊற்றி, மறுபடி எடை போட்டேன். எஞ்சின் ஆயில் ஒரு மில்லிலிட்டர் சுமார் 0.85 கிராம். 200 மி.லி.க்கு 170 கிராம். மெஷின் 170 குறைந்து காட்டியதும் நிறுத்தி, புனலை அப்படியே கால் மணி நேரம் வடிய விட்டேன். மறுநாள் காலை மட்டம் 4 மி.மீ. ஏறியிருந்தது, ஒரு மயிரிழை குறைவாக. மேல் பகுதியில் 50 மி.லி.க்கு ஒரு மில்லிமீட்டர் என்ற கணக்கு நின்றது.

இனி ஓட்டும் விதம். இதில் இரண்டு கட்சி உண்டு. பூப்போல ஓட்டு என்பார்கள் ஒரு கட்சி. முதல் நாளே விரட்டு என்பார்கள் மற்றது. கையேடு 1,500 கி.மீ. வரை முழு ஆக்சிலரேட்டர் வேண்டாம், ஒரே வேகத்தில் நீண்ட நேரம் வேண்டாம், ஆர்பிஎம்-ஐ மேலே கொண்டுபோக வேண்டாம் என்கிறது. அந்த எல்லையை மீற எனக்குக் காரணம் எதுவும் தெரியவில்லை. ஆனால் எல்லைக்குள் இருந்துகொண்டு தடவித் தடவி ஓட்டுவதும் உதவாது. ரிங்கைச் சுவரோடு அழுத்துவது அதன் சொந்த இழுவிசை மட்டும் கிடையாது; எரியும் வாயு ரிங்கின் பின்புறம் புகுந்து வெளியே தள்ளுவதும்தான். அழுத்தம் இல்லாமல் ஐடிலில் நின்றுகொண்டே இருந்தால் ரிங் செட் ஆக வாய்ப்பே குறைவு, சுவர் வழவழத்துப் போகும் அபாயம்தான் மிச்சம்.

முதல் 1,000-இல் நான் தடவித்தான் ஓட்டியிருந்தேன். அதற்கப்புறம் ஒவ்வொரு நெடுஞ்சாலைப் பயணத்திலும், எஞ்சின் நன்றாகச் சூடானபின், நான்காவது கியரில் 2,000-இலிருந்து 3,500 ஆர்பிஎம் வரை ஆக்சிலரேட்டரை முக்கால் பங்கு அழுத்தி ஏற்றுவது, பிறகு காலை எடுத்து கியரிலேயே வேகம் குறையவிடுவது என்று பழக்கினேன். 1,500 தாண்டியதும் 4,500 வரை.

ஒரே ஒரு இடத்தில் இது வேறு மாதிரி போனது. ஒரு மலைச் சாலையில் இறங்கும்போது பிரேக்கைக் காப்பாற்ற இரண்டாவது கியரிலேயே வெகுதூரம் இறங்கினேன். கீழே வந்து சட்டென்று ஆக்சிலரேட்டரை மிதித்ததும் பின்கண்ணாடியில் ஒரு நீலப் புகை தெரிந்து மறைந்தது. ஆக்சிலரேட்டர் மூடிய நிலையில் எஞ்சின் வேகமாகச் சுற்றும்போது உள்ளே வெற்றிடம் அதிகமாகி, ரிங் வழியாகவும் வால்வு சீல் வழியாகவும் ஆயில் மேலே இழுக்கப்படும். அது எரிந்த புகைதான். இறக்கத்தில் கியரில் இறங்குவதே சரி, அதை மாற்ற வேண்டியதில்லை. நடுநடுவே மட்டும் கொஞ்சம் ஆக்சிலரேட்டர் கொடுத்து அந்த இழுப்பை உடைத்தேன். 3,000 கிலோமீட்டருக்கு அப்புறம் அதே மாதிரி இறக்கத்தில் புகை தெரியவில்லை.

எண்களைச் சொல்லிவிடுகிறேன். 1,050-இலிருந்து 2,000 வரை இறக்கம் 3 மி.மீ., 150 மி.லி. 2,000-இலிருந்து 3,500 வரை 2 மி.மீ., 100 மி.லி. 3,500-இலிருந்து 5,000 வரை ஒன்றுக்கும் குறைவு, 50 மி.லி. என்று வைத்துக்கொள்ளலாம். 1,000 கிலோமீட்டருக்கு என்று மாற்றினால் முதலில் 200, பிறகு 160-ஐ ஒட்டி, பிறகு 65 அல்லது 70, கடைசியில் 30-ஐ ஒட்டி. கடைசி எண் என் அளவின் பிழைக்குள்ளேயே விழுகிறது. அதை வைத்து வாதாட மாட்டேன். இறங்கும் போக்கு மட்டும் தெளிவு.

ஓட்டும் விதத்தை மாற்றியதால்தான் குறைந்ததா? சொல்ல முடியாது. ஒரே எஞ்சினை இரண்டு விதமாக ஓட்டிப் பார்க்க வழியில்லை. சும்மா ஓட்டியிருந்தாலும் குறைந்திருக்கலாம். இன்னொரு காரணமும் கலந்திருக்கும்: ஆயிலில் எளிதில் ஆவியாகும் லேசான பகுதி புது ஆயிலில்தான் அதிகம், அது ஆரம்பத்திலேயே போய்விடும். அடுத்த ஆயில் மாற்றியதும் முதல் 1,000-இல் மறுபடி கொஞ்சம் இறக்கம் தெரிந்தால் அதற்குப் பயப்பட மாட்டேன்.

முதல் சர்வீஸின்போது நோட்டைக் காட்டினேன். "எல்லாம் நார்மல்தான் சார்" என்ற பதில் பார்க்காமலேயே வந்தது. பரவாயில்லை, எண்கள் நல்லவிதமாக இருந்ததால் சண்டைக்கு வேலை இல்லை. எண்கள் மோசமாக இருந்திருந்தால் இந்த நோட்டை வைத்து ஆயில் செலவுச் சோதனை கேட்டிருப்பேன். மட்டத்தை அவர்களே மேல் கோட்டுக்குக் கொண்டுவந்து, ஆயில் வடிக்கும் டிரெயின் போல்ட்டிலும் ஃபில்டரிலும் அடையாளம் வைத்து, குறிப்பிட்ட தூரம் ஓட்டிவரச் சொல்லி, அவர்கள் முன்னிலையில் மறுபடி அளப்பது. கையால் எழுதிய நோட்டு அந்த இடத்தில் சாட்சி ஆகாது, ஆனால் சோதனையைக் கேட்டு வாங்க உதவும்.

நடுவில் ஒரு நண்பர், சிவப்பு ஆயில் விளக்கு எரிந்தால் பார்த்துக்கொள்ளலாமே, இவ்வளவு மெனக்கெடுவானேன் என்றார். அந்த விளக்கு மட்டத்தைக் காட்டுவதில்லை, அழுத்தத்தைக் காட்டுவது. பம்ப் காற்றை உறிஞ்சத் தொடங்கும் அளவுக்கு ஆயில் இறங்கியபின்தான் எரியும். அதற்குள் பேரிங்குக்குச் சேதம் ஆகியிருக்கலாம். சில வண்டிகளில் மட்டத்துக்குத் தனி சென்சார் உண்டு, என் வண்டியில் இல்லை.

அடுத்த முறை புது எஞ்சின் கைக்கு வந்தால் சிலவற்றை மாற்றுவேன். வண்டி வந்த முதல் வாரமே ஒரு நீண்ட பயணம் போய், பெட்ரோல் கலப்பு இல்லாத ஒரு பூஜ்ஜியத்தை எடுத்துக்கொள்வேன், 620 கி.மீ. வரைக்குமான எண்கள் எனக்கு வீணாகப் போனது அதனால்தான். ஒவ்வொரு 500 கிலோமீட்டருக்கும் அளப்பதை விட்டுவிடுவேன், 25 மி.லி. பிழை உள்ள அளவுகோலுக்கு 1,000 கி.மீ. இடைவெளிதான் பொருத்தம். ஆயில் மாற்றும்போது வடித்ததை எடை போடுவேன். சூடாக, அதே நேர அளவு வடிய விட்டு, ஃபில்டரையும் சேர்த்து எடை போட்டு, ஊற்றிய எடையோடு ஒப்பிட்டால் டிப்ஸ்டிக்கை நம்பவே தேவையில்லை. வாங்கிய டப்பாவில் பாதிக்கு மேல் ஆயில் இன்னும் மிச்சம் இருக்கிறது. அதை டிக்கியில் நிமிர்த்தி வைத்திருக்கிறேன், மேலே கிரேடும் திறந்த தேதியும் மார்க்கரால் எழுதி.

இனி 1,000 கி.மீ.க்கு ஒரு காலை அளவு போதும். அதில் 2 மி.மீ.க்கு மேல் இறங்கினால் மட்டும் சாக்பீஸ் கோட்டுக்குத் திரும்புவது என்று முடிவு.